பூனைக்குட்டிக்கு இரவற் காப்பு

புனே நகரின் ஹடப்சரில் 1966ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சீரம் நிலையம், குதிரைகளின் குருதியினின்று இரணஜன்னிக்கு மாற்றான ஊநீரைத் தயாரித்துத் தன் தொடக்க காலப் பணியை நடத்திற்று. ஓர் உடலில் உண்டான எதிர்ப்பொருள் மற்றோர் உடலைச் சிலகாலம் காப்பதே இம்முறையின் தத்துவம். ஊசியின் துணையின்றித் தாய்ப்பூனையும் இதனையே செய்கிறது.

பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் எடையுள்ள குட்டிக்குக் கண் திறந்திராது. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் இயலாது. சீம்பாலிலுள்ள எதிர்ப்பொருள்கள் அதன் குடல்வழியே குருதியிற் கலப்பது பிறந்த சுமார் 16 மணி நேரத்திற்குள்ளேதான். ஆகவே, அன்று பிறந்த குட்டிகளைப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துச் செல்வது அவற்றின் உயிருக்கே கேடாகலாம். தாயை இழந்த குட்டிக்குப் பசும்பால் போதாது. அதிற் புரதம் குறைவு. உடல் குளிர்ந்த குட்டிக்கு உடனே பாலூட்டுவதோ அதனினும் தீது. முதலில் வெப்பம், பின்னரே பால்.

இரவற் காப்பு நிலைத்து நில்லாது. குருதியில் உள்ளவரை அது தடுப்பூசியின் பயனையும் கெடுக்கும். அது மறையும் நாள் குட்டிக்குக் குட்டி வேறுபடுவதால், 6 முதல் 8 வாரங்களில் தொடங்கி 16 வாரம் வரை, 3 அல்லது 4 வார இடைவெளியில் ஊசி மீண்டும் மீண்டும் இடப்படுகிறது. வெறிநோய்த் தடுப்பூசிக்குரிய வயது சுமார் 12 வாரம். அந்நோய் பூனைக் கடியாலும் மனிதரைப் பற்றும்.