ரத்தம் வராத அடிதான் ஆபத்து!

கிட்டத்தட்ட மூன்று மாடி உயரத்திலிருந்து எட்டுப் பேர் ஒரே நேரத்தில் சைக்கிளில் கீழே பாய்கிறார்கள். மேடு, பள்ளம், வளைவு, மறுபடி மேடு... நாற்பது விநாடிக்குள் பந்தயமே முடிந்துவிடும். எட்டுப் பேரும் ஒரே வளைவுக்கு ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

2021 ஜூலை 30-ம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் அதுதான் ஆனது. 2016-ல் ரியோவில் தங்கம் வாங்கிய அமெரிக்காவின் கானர் ஃபீல்ட்ஸ், அரையிறுதியின் முதல் வளைவிலேயே விழுந்தார். ஸ்ட்ரெச்சரில்தான் வெளியே போனார். மூளையில் ரத்தக் கசிவு, நுரையீரலில் அடி, விலா எலும்பு முறிவு. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய ஓட்டங்களில் எடுத்த பாயிண்ட்டுகளை வைத்து அவர் ஃபைனலுக்குத் தேர்வாகியிருந்தார். ஆள் மட்டும் ஆஸ்பத்திரியில்! நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

இந்த விளையாட்டின் பெயர் பி.எம்.எக்ஸ். 'பைசிக்கிள் மோட்டோ கிராஸ்' என்பதன் சுருக்கம். 1970-களின் ஆரம்பத்தில் தெற்கு கலிஃபோர்னியாவில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்த பொடியன்கள், 'நம்மகிட்ட மோட்டார் இல்லேன்னா என்ன... மண்ணு இருக்கே' என்று தங்கள் குட்டி சைக்கிள்களைப் புழுதியில் இறக்கிவிட்டார்கள். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக் வரை வந்துவிட்டது. சக்கரம் என்னவோ அதே இருபது அங்குலம்தான்.

விழாமல் இதைக் கற்றவர் யாருமில்லை. முழங்கால் தோல் உரிவது, பெடலின் கூர்மையான பல் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைப் பதம் பார்ப்பது, பாண்ட் காலைச் செயின் கவ்வி இழுப்பது... இதெல்லாம் அன்றாடக் கணக்கு. சோப்பும் தண்ணீரும் விட்டு மண் போகக் கழுவி, டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் போட்டுக்கொண்டு, மறுநாள் வந்துவிடலாம். ரத்தத்தைப் பார்த்ததும் அம்மா பதறுவார். ஆனால் பதற வேண்டிய அடிகள் வேறு. அவற்றில் சில சமயம் ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே தெரியாது.

முதலில் வயிறு. சைக்கிள் சரியும்போது முன்சக்கரம் திரும்பிக்கொள்ளும். ஹேண்டில்பாரின் ஒரு முனை நேராக வயிற்றைப் பார்த்து நிற்கும். பையன் அதன்மேல் விழுகிறான். கைப்பிடி ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் எட்டிப் பார்த்தால் தீர்ந்தது. பூரி மாவை டப்பா மூடியால் வட்டமாக வெட்டுவோமே, அந்த மாதிரி. இதற்கு வேகம்கூட வேண்டாம். தெருவில் உருட்டிக்கொண்டிருக்கும் சாதாரணக் குழந்தைச் சைக்கிளிலும் நடக்கும்.

வெளியே தெரிவது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு வளையம் மட்டுமே. உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். கணையம் முதுகெலும்புக்கும் குழாய்க்கும் நடுவே நசுங்கியிருக்கலாம். 'ஒண்ணுமில்லம்மா' என்று எழுந்து போனவன், சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பான். வாந்தி, வெளுத்த முகம், கல் மாதிரி இறுகிய வயிறு, இடது தோளில் காரணமில்லாத வலி... இவற்றில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அங்கே 'சைக்கிள்ல விழுந்தான்' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'ஹேண்டில்பார் வயித்துல குத்திச்சு' என்று சொல்லி அந்த வளையத்தைக் காட்டுங்கள். டாக்டர் தேடும் இடமே மாறிவிடும்.

அடுத்தது மணிக்கட்டு. விழும்போது கையை ஊன்றுவது இயற்கை. அந்த அதிர்ச்சி தோள்வரை ஏறினால் காறை எலும்பு முறியும். அது வெளியிலேயே தெரிந்துவிடும். ஏமாற்றுவது, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கும் ஸ்கேஃபாய்ட் என்ற குட்டி எலும்பு. முந்திரிப் பருப்பு மாதிரி இருக்கும். அதில் விழுந்த விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. 'சுளுக்கு' என்று எண்ணெய் தேய்த்து நீவிவிட ஆளுக்கா பஞ்சம்? இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகலாம். கட்டைவிரலின் அடிக்குழியை அழுத்தினால் வலிக்கிறதா? பத்து நாள் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் முனகாமல் எடுங்கள்.

மூன்றாவது தலை. எக்ஸ் கேம்ஸில் 24 பதக்கங்கள் வாங்கிய டேவ் மிர்ரா 2016 பிப்ரவரியில், 41 வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்தபோது, திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் சிதைவு தெரிந்தது. குத்துச்சண்டையும் போட்டவர், இளமையில் ஒரு கார் மோதியவர் என்பதால் பழி முழுவதையும் சைக்கிள் தலையில் போட முடியாது. ஆனாலும் பி.எம்.எக்ஸ். உலகம் ஆடிப்போனது நிஜம்.

அடிபட்டவன் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறானா, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசுகிறதா, தள்ளாடுகிறானா? மயக்கம் போட்டிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அன்று மறுபடி சைக்கிள் ஏறவே கூடாது. டாக்டரிடம் காட்டுங்கள். வாந்தி நிற்கவில்லை, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியவில்லை என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்.

சரி, தடுப்பது எப்படி? தாடையையும் மூடும் முழு ஹெல்மெட். பந்தயங்களில் இது கட்டாயம். பல்லும் பிழைக்கும். பலமாக ஒருமுறை அடிவாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். 'அண்ணன் போட்டதை தம்பி போடட்டும்' என்கிற சிக்கனம் சட்டையோடு நிற்கட்டும். கையுறை, முழங்கால், முழங்கை, முன்னெலும்புக் கவசம், முழுக்கைச் சட்டை என்று மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுவது சில வித்தைக்காரர்களுக்கு ஸ்டைல். புதிதாகக் கற்பவருக்கு அந்த ஸ்டைல் வேண்டாம்.

விழக் கற்றுக்கொள்வதும் ஒரு பாடம். சைக்கிளை விட்டுத் தள்ளிவிட்டு, தாடையை மார்போடு ஒட்டி, தோளில் உருள வேண்டும். புதுக் கரணம் பழகுபவர்கள் ஸ்பாஞ்சுத் துண்டுகள் நிரப்பிய பள்ளத்தில்தான் முதலில் விழுந்து பார்ப்பார்கள்.

ஹேண்டில்பார் முனையை அடைக்கிற மூடியின் விலை ஒன்றும் பெரிதில்லை. இன்று சாயங்காலம் வீட்டுச் சைக்கிளைப் பாருங்கள். ஓட்டை தெரிந்தால், சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டே போங்கள். ஏறி ஓட்ட வேண்டாம்!