பஞ்சாயத்து வண்டிக்கு எவ்வளவு பாட்டரி வேண்டும்?

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. காளைக்கு ஏற்ற பாரம், கிணற்றுக்கு ஏற்ற பம்பு, நிலத்துக்கு ஏற்ற விதை என அளவறிந்து நடப்பதை நம் குடியானவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டரி வண்டி வாங்கும்போது மட்டும் அந்த அளவறிவை விற்பவரிடமே ஒப்படைத்து விடுகிறோம்.

வீடுதோறும் சென்று குப்பை சேகரிக்கும் பாட்டரி வண்டிகள் இன்று நம் ஊராட்சிகள் பலவற்றில் ஓடுகின்றன. நாம் சென்றிருந்த ஓர் ஊரில், காலை வெயில் ஏறிய நேரத்தில், குப்பை நிறைந்த அத்தகைய வண்டி ஒன்றைத் தூய்மைக் காவலர் இருவர் மேட்டின்மீது தள்ளிக்கொண்டு வரக் கண்டோம். "வண்டி வந்து ஒரு வருஷந்தான் ஆகிறது, ஐயா; பாட்டரி தாங்கவில்லை" என்றார் அவர்களுள் மூத்த அம்மையார். விசாரித்ததில் உண்மை புலப்பட்டது. பாட்டரி பழுதான சரக்கன்று. அதன் கொள்ளளவு அவ்வூர்ப் பாதைக்குப் போதாது. போதாததை நாள்தோறும் அடிமட்டம் வரை இறைத்தமையால் அது விரைவில் செத்துவிட்டது. பஞ்சாயத்தின் பணமும் வீண், உழைப்பாளருக்கும் துன்பம். இதனைத் தவிர்க்கும் கணக்கு எளியது. அதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

வோல்ட்டும் ஆம்பியர்-மணியும்

பாட்டரியை மேல்நிலைத் தொட்டிக்கு ஒப்பிடலாம். வோல்ட் என்பது தொட்டி நிற்கும் உயரம். ஆம்பியர்-மணி என்பது தொட்டியில் அடங்கும் தண்ணீர். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்-மணி. அதுவே பாட்டரி செய்யக்கூடிய மொத்த வேலை. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தது நம் வீட்டு மீட்டர் காட்டும் ஒரு யூனிட்.

இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பாட்டரிகள் நான்கை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து 48 வோல்ட் ஆக்குகின்றனர். இங்கே ஒரு தவறு நேர்வதுண்டு. 100 ஆம்பியர்-மணிப் பாட்டரி நான்கு இருந்தால் 400 ஆம்பியர்-மணி என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. இவ்வாறு தொடராக இணைத்தால் வோல்ட் மட்டுமே கூடும். ஆம்பியர்-மணி 100 ஆகவே நிற்கும். ஆகவே மொத்தம் 48-ஐ 100-ஆல் பெருக்கிய 4,800 வாட்-மணி, அதாவது 4.8 யூனிட்.

முதலில் செலவை அளக்க வேண்டும்

தேவையை அறியாமல் கொள்ளளவைத் தீர்மானிக்க இயலாது. வண்டி இருக்கும் ஊரில், மின்பணியாளரைக் கொண்டு, மின்னேற்றும் கருவிக்கு முன்பாக ஒரு சிறு மீட்டரைப் பொருத்தச் செய்யலாம். பாட்டரியை முழுதும் மின்னேற்றி, வழக்கமான சுமையுடன் வழக்கமான பாதையில் ஒருநாள் ஓட்டி, மீண்டும் முழுதும் ஏற்றி, மீட்டர் காட்டும் யூனிட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தை நாள், திருவிழா நாள் ஆகியவற்றையும் சேர்த்து அளந்து, அவற்றுள் மிகுதியான அளவையே கணக்குக்கு எடுத்துக்கொள்வது நலம். வண்டி இல்லாத ஊரார், இதே அமைப்புள்ள அண்டை ஊராட்சியின் வண்டியை அளந்து பார்க்கலாம். அல்லது விற்பவரைத் தம் பாதையிலேயே சுமையுடன் ஓட்டிக் காட்டச் சொல்லலாம்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு வண்டி நாளொன்றுக்கு 24 கிலோமீட்டர் ஓடியபின் மீட்டர் 2.4 யூனிட் காட்டியது எனக் கொள்வோம். ஈயப் பாட்டரியில் மின்னேற்றும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். கருவியின் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு எழுபது பங்கே மீளக் கிடைக்கும் என்று கொள்ளலாம். ஆகவே பாட்டரி உண்மையில் அளித்தது சுமார் 1,680 வாட்-மணி. கிலோமீட்டருக்கு 70 வாட்-மணி. மேடு பள்ளம், மணற்பாதை, சக்கரத்தில் காற்றுக் குறைவு, வாசல்தோறும் நின்று புறப்படுதல் ஆகிய யாவும் இந்த எண்ணை உயர்த்தும். சமதரையில் வெறும் வண்டியை ஓட்டி விற்பவர் கூறும் தூரத்தை நம்பலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

மூன்று திருத்தங்கள்

தேவை 1,680 வாட்-மணி என்பதற்காக அவ்வளவே உள்ள பாட்டரியை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். மூன்று திருத்தங்களைச் செய்தாக வேண்டும்.

முதலாவது, மூப்பு. எந்தப் பாட்டரியும் நாளடைவில் வலிமை குன்றும். கொள்ளளவு நூற்றுக்கு எண்பதாகக் குறையும் நிலையையே அதன் ஆயுள் முடிவாகப் பொதுவாகக் கொள்கின்றனர். அந்நாளிலும் வண்டி முழுப் பாதையையும் சுற்றி வரவேண்டுமாயின், 1,680-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். விடை 2,100.

இரண்டாவது, அடிமட்டம். ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யாதிருப்பது அதன் ஆயுளைப் பெரிதும் நீட்டிக்கும். விதை நெல்லைத் தொடாமல் எஞ்சியதை உண்பது போன்றது இது. ஆகவே 2,100-ஐ இரட்டிக்க, 4,200 வாட்-மணி ஆகிறது. இதனை 48-ஆல் வகுத்தால் 87.5 ஆம்பியர்-மணி.

மூன்றாவது, வேகம். மின்சாரத்தை விரைவாக இறைத்தால் ஈயப் பாட்டரி குறைவாகவே கொடுக்கும். பல பாட்டரிகளின்மீது எழுதியுள்ள எண், 20 மணி நேரத்தில் மெல்ல இறைத்தால் கிடைப்பது. வண்டியோ சில மணி நேரத்தில் இறைத்து விடுகிறது. 5 மணி நேரத்தில் இறைத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையக்கூடும். ஆகவே 87.5-ஐ 0.8-ஆல் வகுத்தால் சுமார் 110 கிடைக்கும். இவ்வூருக்கு 48 வோல்ட்டில், 20 மணிக் கணக்கில், 110 முதல் 120 ஆம்பியர்-மணி உள்ள பாட்டரித் தொகுதி தகுந்தது.

மிகப் பெரியதும் நன்றன்று. 100 ஆம்பியர்-மணி உள்ள 12 வோல்ட் ஈயப் பாட்டரி ஒன்று ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ளது. தேவைக்கு மீறி வாங்கினால், குப்பைக்குப் பதிலாகப் பாட்டரியையே சுமந்து திரிய நேரும்.

லித்தியம் பாட்டரியாயின் நூற்றுக்கு எண்பது பங்கு வரை தாராளமாக இறைக்கலாம். வேகத்தால் வரும் குறைவும் சொற்பம். 2,100-ஐ 0.8-ஆலும் பின் 48-ஆலும் வகுத்தால் ஏறத்தாழ 55 ஆம்பியர்-மணியே போதும். விலை கூடுதலாயினும் எடை குறைவு, ஆயுளும் மிகுதி. ஆனால் அதற்கென அமைந்த மின்னேற்றும் கருவியையே பயன்படுத்த வேண்டும்.

கோல்ப் மைதானங்களில் ஆட்டக்காரர்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் இதே கணக்குத்தான். அவற்றிலும் ஆழமாக இறைக்கத் தகுந்த, கனமான தகடுகள் கொண்ட பாட்டரிகளையே வைக்கின்றனர். டிராக்டரின் பாட்டரி அவ்வாறன்று. எஞ்சினைக் கிளப்ப ஒரு கணம் பெருமின்சாரம் தருவதற்காக அது மெல்லிய தகடுகளால் ஆனது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதனை இவ்வண்டியில் பொருத்தினால் சில மாதங்களிலேயே வருந்த நேரும்.

வாங்கியபின் காக்கும் முறை

இறங்கிய பாட்டரியை மறுநாள் பார்க்கலாம் என்று போட்டு வைத்தல் கூடாது. தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். வேலை முடிந்த அன்றே முழுதும் மின்னேற்ற வேண்டும். நீர் ஊற்றும் வகையாயின் தகடுகள் எப்போதும் மூழ்கியிருக்க, காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா. மின்னேற்றும்போது எரியக்கூடிய வாயு வெளிப்படுவதால் காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். அங்கே நெருப்பு அறவே கூடாது. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் ஈயப் பாட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. எனவே வண்டியை நிழலில் நிறுத்துவதே பணம் சேமிக்கும் வழி. நான்கில் ஒன்று கெட்டால், பழைய மூன்றுடன் புதிய ஒன்றைச் சேர்ப்பதும் நன்றன்று. நலிந்ததன் அளவுக்கே எல்லாம் வேலை செய்யும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தப்புள்ளி கோருமுன் நாள் ஓட்டம், சுமை, அளந்த யூனிட் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டத்தில் வையுங்கள். வேண்டிய ஆம்பியர்-மணி, அது எத்தனை மணிக் கணக்கு, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை நிபந்தனையாகச் சேருங்கள். விலை குறைந்தது எதுவென்று பார்ப்பதற்குமுன் அளவு பொருந்தியது எதுவென்று பாருங்கள். அந்த ஒரு தாள் கணக்கு, ஊர்ப் பணத்தைக் காப்பதோடு, வெயிலில் வண்டி தள்ளும் கைகளுக்கும் ஓய்வளிக்கும்.