யாருக்கு முன் பணிவது?

2022 மே 15-ஆம் தேதி வத்திக்கானில் போப் பிரான்சிஸ் புனிதர்களாக அறிவித்த பத்துப் பேரில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்தவர். குருவாகவோ துறவியாகவோ இல்லாமல் குடும்பஸ்தராகவே வாழ்ந்து அந்த நிலையை அடைந்த முதல் இந்தியர் தேவசகாயம். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், தன்னைக் கடவுளிடம் முழுவதுமாக ஒப்புக்கொடுத்தவர் என்று மேடைகளில் சொல்வார்கள். கேட்கிறவர் மனதில், வாய்பொத்தி நின்று வந்ததையெல்லாம் தாங்கிக்கொண்ட ஒருவரின் உருவமே எழும். அவருடைய வாழ்க்கையும், பிறகு இதே மண்ணில் நடந்தவையும் காட்டுவது வேறு. கடவுளிடம் உண்மையாகப் பணிந்தவர், மனிதர்களிடம் தலைகுனியும் கட்டாயத்திலிருந்து விடுபடுகிறார். மற்றவர்களைத் தன் முன் குனியவைக்கும் ஆசையும் அவரிடம் தேய்ந்துபோகிறது. இந்த இரண்டும் நடக்காத இடத்தில், பணிவு என்று சொல்லப்படுவதைத் தயங்காமல் சந்தேகிக்கலாம்.

தேவசகாயத்தின் இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. 1712-இல் பிறந்த அவர், திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் காலத்தில் பத்மநாபபுரத்தில் அரசுப் பணியில் இருந்தவர். நாலு பேர் எழுந்து நின்று வணங்கும் குடும்பம், பதவி. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு நண்பரானார். கால்நடை மடிந்து, பயிர் அழிந்து நீலகண்டர் மனம் உடைந்திருந்த நேரத்தில், டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னதாக மரபு. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள் என்பது மக்கள் நினைவு. உடம்பை வருத்துவதைவிட மானத்தைப் பறிப்பதே அந்தத் தண்டனையின் நோக்கம். ஆனால் மற்றவர்கள் கொடுத்த மரியாதையில் அவருடைய மதிப்பு இப்போது தங்கியிருக்கவில்லை. அதனால் அதை யாராலும் பறிக்க முடியவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய கல்லறை கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் இருக்கிறது. மதம் மாறியதற்காக இந்தத் தண்டனை இல்லை, அரசாங்கக் காரியத்தில் செய்த குற்றத்துக்காகத்தான் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. குற்றச்சாட்டு எதுவாக இருந்தாலும், அந்த மூன்று ஆண்டுகளும் அவர் நின்ற நிலையைத்தான் இந்த மாவட்டத்து மக்கள் தலைமுறைகளாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அவருக்குச் சொல்லப்பட்டது யோபுவின் கதை என்பதைக் கவனிக்க வேண்டும். பொறுமைக்கு உதாரணம் என்று யோபுவைச் சொல்லிப் பழகிவிட்டோம். விவிலியத்தின் யோபு நூலின் 42 அதிகாரங்களில் பெரும்பகுதி வழக்காடல்தான். தன் துன்பத்துக்கு யோபு காரணம் கேட்கிறார், தான் பிறந்த நாளையே சபிக்கிறார். நீ பாவம் செய்திருப்பாய், ஒத்துக்கொண்டு அடங்கு என்று உபதேசிக்கும் நண்பர்களுக்கு மசிய மறுக்கிறார். கடைசியில் கடவுள் கண்டிப்பது அந்த நண்பர்களை. சரியாகப் பேசியவர் என்று ஏற்றுக்கொள்வது யோபுவை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவும் இந்தத் துன்பத்தின் பாத்திரம் வேண்டாம் என்று கேட்ட பிறகே தந்தையின் விருப்பத்துக்குத் தன்னைக் கொடுத்தார். கேள்வியும் கண்ணீரும் சரணடைதலுக்கு வெளியே இருப்பவை என்று நினைப்பதற்கு விவிலியத்தில் ஆதாரம் இல்லை.

எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டால் மனிதர்கள் கைகட்டி உட்கார்ந்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். பதில் தென் திருவிதாங்கூரின் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய மிஷன் பணியின் வழியே கடவுளை ஏற்றுக்கொண்ட எளிய குடும்பங்களின் பெண்கள்தான், மார்பை மூடக்கூடாது என்ற வழக்கத்தை மீறித் தோள்சீலை அணிந்தார்கள். 1820-களில் தொடங்கிய கலவரங்களில் அடிபட்டார்கள், அவர்களுடைய துணி கிழிக்கப்பட்டது, அப்படியும் பின்வாங்கவில்லை. 1859-இல் அரசர் ஆணை பிறப்பித்து இணங்க வேண்டியதாயிற்று, அதுவும் சில கட்டுப்பாடுகளோடுதான். கடவுள் முன் முழங்காலிட்டது அவர்களை முடக்கவில்லை. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய அனுபவமும் இல்லை. அதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், தலைப்பாகை கட்டிக்கொண்டே இறைவனை வணங்கும்படி ஆண்களுக்குச் சொன்னார். தெய்வத்தின் முன் நிற்பவன் யாருக்கும் அடிமை இல்லை என்பதே அங்கும் சேதி.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பணிவைப் போதிப்பவர்கள் பெரும்பாலும் மேலே இருப்பவர்கள். அதைக் கடைப்பிடிக்கச் சொல்லப்படுபவர்கள் கீழே இருப்பவர்கள். அடிக்கும் கணவனைச் சகித்துக்கொள், இது உன் சிலுவை என்று பெண்ணுக்கும், சபைத் தலைமையைக் கேள்வி கேட்காதே என்று விசுவாசிக்கும் சொல்லப்படுவது நமக்குத் தெரியாததில்லை. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில் நடுவே தடுப்போடு, சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரிந்து நின்று ஒரே பலிபீடத்தைப் பார்த்து வணங்கினார்கள். 1910 வாக்கில் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டபோது வழக்கு மன்றம் வரை போனவர்களும் கடவுளை மறுத்தவர்கள் இல்லை. தவறாமல் பூசைக்கு வந்தவர்கள். ஆகவே இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது குற்றம் சாட்டுவது, கடவுளுக்குச் சேர வேண்டிய பணிவைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்ட மனிதர்களை. புனிதர் பட்டத்துக்கு முன்பு தேவசகாயத்தின் பெயரோடு இருந்த சாதிப் பின்னொட்டை நீக்கும்படி பலர் கோரியதும், ரோமின் அறிவிப்பில் அது இடம்பெறாமல் போனதும் அந்தக் கோணலைக் கொஞ்சமாவது நிமிர்த்தும் முயற்சிதான்.

கடவுளுக்கு என்னைக் கொடுத்துவிட்டேன் என்பவன் வெறியனாக மாட்டானா என்ற பயமும் நியாயமானதே. தன் கருத்தையே கடவுளின் கருத்தாக எண்ணிக்கொள்பவன் யாரையும் அடிக்கத் துணிவான். தாழ்மை அவசியமாவது இங்கேதான். தான் தவறக்கூடியவன் என்ற நினைப்பு இருக்கும்வரை, விசுவாசத்தின் விலையை அவன் தானே கொடுப்பான். அடுத்தவரிடம் வசூலிக்க மாட்டான். தேவசகாயம் ஆயுதம் எடுக்கவில்லை, ஆள் திரட்டவில்லை. ஜெபக்கூட்டத்தில் உயர்த்திய கைகளை வைத்து ஒருவருடைய அர்ப்பணத்தை அளக்க முடியாது. அதிகாரம் உள்ளவரிடம் உண்மையைப் பேச அவருக்குத் துணிவு வந்திருக்கிறதா, தனக்குக் கீழே வேலை செய்பவர் எதிர்த்துப் பேசினால் கேட்கும் பொறுமை வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.