தொடர்மாடி வீடு வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

சென்ற வாரம் எல்லயிலுள்ள எனது கடைக்கு நண்பர் ஒருவர் வந்தார். மகன் கட்டாரில் பத்து வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தில் கொழும்பில் தொடர்மாடி வீடு வாங்கப் போகிறாராம். கையில் வர்ணப் படங்கள் நிறைந்த ஒரு புத்தகம். "உறுதி எங்கே?" என்று கேட்டேன். "கட்டி முடிந்ததும் தருவார்களாம். மூன்று நாளில் பாதிப் பணம் கட்டணும்" என்றார். அவருக்குச் சொன்னவற்றை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

நம் பதுளைப் பக்கம் காணி வாங்குவோர் முதலில் மலைச் சரிவைத்தான் பார்ப்பார்கள். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்ததை யாரும் மறக்கவில்லை. தொடர்மாடியிலோ நிலம் உங்களுக்கென்று தனியாக இல்லை. எனவே அங்கே மண்ணைப் போலவே பத்திரங்களையும் பார்க்க வேண்டும்.

இதற்கென 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. அதன்படி நீங்கள் வாங்குவது இரண்டு. ஒன்று, உங்கள் வீடு. மற்றது, நிலம், படிக்கட்டு, கூரை, லிப்ட் போன்ற பொதுப் பகுதிகளில் ஒரு பங்கு. கூட்டாதனத் திட்டம் என்ற நில அளவைப் படம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுத முடியும். பதிவில்லாவிட்டால் உங்கள் கையிலிருப்பது வெறும் ஒப்பந்தமே!

ஆகவே, பணம் கொடுக்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. நிலத்தின் மூல உறுதி யார் பெயரில்? வங்கியில் ஈடு வைக்கப்பட்டுள்ளதா?

2. கட்டிட அனுமதியும், கட்டி முடிந்திருந்தால் இணக்கச் சான்றிதழும் உண்டா?

3. கூட்டாதனத் திட்டம் பதியப்பட்டதா? கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையின் சான்றிதழ் பெறப்பட்டதா?

4. வாகனத் தரிப்பிடம் திட்டத்தில் உங்கள் வீட்டோடு காட்டப்பட்டுள்ளதா, அல்லது வாய்ப் பேச்சு மட்டும்தானா?

5. கட்டி முடியாத வீடாயின், வேலை நடக்கும் அளவுக்கே தவணை கட்டுவதாகவும், தாமதமானால் நட்டஈடு தருவதாகவும் எழுதியிருக்கிறதா?

விற்பவரின் நொத்தாரிசை நம்பாமல் உங்களுக்கென ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

வாங்கியபின்னும் செலவு முடிவதில்லை. உரிமையாளர் அனைவரும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் அங்கத்தவர்களே. லிப்ட், தண்ணீர்ப் பம்பி, காவல், காப்புறுதி எல்லாவற்றுக்கும் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். வீட்டைப் பூட்டி வைத்தாலும் கட்டத்தான் வேண்டும். பழைய வீடு வாங்குவோர், முன்னைய உரிமையாளர் வைத்த நிலுவை இல்லையென்று எழுத்தில் பெறுவது நல்லது. பொதுச் சுவரை இடிப்பதும் பல்கனியை அடைப்பதும் உங்கள் விருப்பத்துக்கு முடியாது.

இன்னொன்று. பிள்ளைகள் வெளிநாட்டுப் பிரஜாவுரிமை எடுத்து இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்திருந்தால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும். முன்பு அவர்கள் நான்காம் மாடியிலோ அதற்கு மேலோதான் வாங்க முடிந்தது; 2018 இல் அந்த மாடிக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே வங்கி மூலம் வர வேண்டும். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளோருக்கு இத்தடை இல்லை.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஆனால் வீடு வாங்கும்போது மட்டும் வாய்ச் சொல்லில் மயங்கிவிடுகிறோம்.

நண்பர் அந்த மூன்று நாளில் பணம் கட்டவில்லை. பத்திரங்களின் பிரதிகளைக் கேட்டிருக்கிறார். "தருகிறோம்" என்றவர்கள் இன்னும் தரவில்லையாம். மகனின் பத்து வருட உழைப்பு இன்றும் அவருடைய வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.