புளியங்கொட்டையில் வகுத்தல் கணக்கு

பல்லாங்குழிப் பலகையில் இரண்டு வரிசை, வரிசைக்கு 7 குழி. குழிக்கு 5 புளியங்கொட்டை என்றால் மொத்தம் 70. விதிகள் ஊருக்கு ஊர் மாறும். பரவலான முறை ஒன்று இது: தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது வெறுங்குழியானால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் ஆளின் கைக்கு முதலில் வருவது எப்போதும் 7 கொட்டைதான், எந்தக் குழியில் தொடங்கினாலும் சரி. சில ஆட்டங்களிலேயே பிள்ளைகள் இதைக் கவனித்துவிடுவார்கள். எல்லாக் குழியிலும் ஒரே எண்ணிக்கை இருப்பதுதான் காரணம் என்பதும் பிடிபட்டுவிடும். அதன்பின் குழிகள் ஏறுமாறாகிவிடும். அள்ளுவதற்கு முன்பே கண்ணால் எண்ணி, கை எங்கே போய் முடியும் என்று பார்த்தாக வேண்டும். எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் நினைத்த குழி கிடைக்காது. தப்பைப் பலகையே காட்டிவிடுகிறது, திட்டுவதற்கு ஆள் தேவையில்லை. விளையாட்டு வழிக் கல்வியில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

ஆட்டம் முடிகிறது. ஒருவரிடம் 42, மற்றவரிடம் 28 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆட்டத்துக்கு அவரவர் கொட்டையால்தான் அவரவர் குழியை நிரப்ப வேண்டும். 28-ஐ வைத்திருக்கும் பிள்ளை 5 குழியை நிரப்பியதும் கையில் 3 மிஞ்சும். இன்னும் 2 கிடைத்திருந்தால் ஆறாவது குழியும் நிரம்பியிருக்குமே என்று அதன் மனம் அடித்துக்கொள்ளும். வகுப்பறையில் ஈவு, மீதி என்று எழுதிப் போடுவதை இங்கே அது விரலால் தொட்டுப் பார்த்துவிட்டது.

ஒரு தடவை எடுத்ததும் ஆட்டம் கைமாறுமா, தொடருமா என்று சண்டை வரும். வரட்டும். அவர்களே பேசி ஒரு விதிக்கு வருவதும் படிப்புதான். பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லவோ, நடுவில் புகுந்து “எத்தனை மிச்சம் சொல்லு” என்று கேட்கவோ வேண்டாம். கேட்ட கணமே அது வீட்டுப்பாடமாகிவிடும்.

பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போதும். புளியங்கொட்டை, சோழி எதுவும் ஆகும். குன்றிமணி மட்டும் வேண்டாம், அது கடும் விஷம். எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்துவையுங்கள்.