வீட்டில் தீ: பிள்ளைக்கு எதைச் சொல்லித் தருவது?

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று, பள்ளிச் சமையலிடத்தில் எழுந்த தீ ஓலைக் கூரைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதன் பிறகே பள்ளிகளில் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. இன்று நம் பள்ளியில் தீயணைப்பான் இருக்கிறது, மணல் வாளி இருக்கிறது. தீயணைப்பு வீரர்கள் வந்து செயல்விளக்கமும் காட்டுகிறார்கள். மாலையில் பிள்ளைகள் திரும்பிப் போகும் வீட்டில் இவை எதுவும் இல்லை.

எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் விலை ஏறும் வரை பருத்தியை வீட்டுக்குள்ளேயே குவித்து வைப்பார்கள். கொல்லையில் சீமைக் கருவேல விறகு, அதை ஒட்டியே சோளத்தட்டைப் படப்பு. கேஸ் அடுப்பு இருந்தாலும் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகடுப்புதான். பெற்றோர் காட்டு வேலைக்கோ கரிமூட்டத்துக்கோ போன நேரத்தில் தம்பிக்குச் சோறு பொங்குபவள் நம் ஏழாம் வகுப்பு மாணவி. பெரியவர்களுக்கு அச்சடித்த துண்டறிக்கை அவளிடம் போய்ச் சேர்வதில்லை.

"வீட்டில் தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வாய்?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் ஆட்டை அவிழ்த்துவிடுவேன் என்றார்கள், ரேஷன் கார்டை எடுப்பேன் என்றார்கள். புத்தகப் பையை எடுப்பேன் என்றவர்களும் உண்டு. சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆடு அந்த வீட்டின் சேமிப்பு. சான்றிதழைக் கொண்டுவா என்று நச்சரிப்பவர்களோ நாம்தான். ஆகவே "புத்தகம் எரிந்தால் வேறு வாங்கித் தருகிறேன், சான்றிதழுக்கு நகல் வாங்கலாம், நீ வெளியே வந்துவிடு" என்பதை ஆசிரியர் வாயாலேயே சொல்ல வேண்டும். வெளியே வந்தவர் எதற்காகவும் திரும்ப உள்ளே போகக் கூடாது. தீயைவிடப் புகையே முந்திக்கொண்டு கொல்லும்; புகைக்குள் சிக்கினால் குனிந்து, தரையோடு தவழ்ந்து வர வேண்டும். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். இதை மைதானத்தில் இரண்டு முறை செய்ய வைத்தாலே போதும், மறக்காது.

எரிவதற்கு எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் மூன்றும் வேண்டும் என்று அறிவியலில் நடத்துகிறோம். அதை அடுப்படிக்குக் கொண்டுபோவது எளிது. எரியும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீரை ஊற்றினால், அது எண்ணெய்க்கு அடியில் இறங்கி நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைச் சுற்றிலும் வீசியடிக்கும். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடினால் காற்று கிடைக்காமல் தீ அடங்கும். கிட்டே போக முடியாவிட்டால் வெளியேறிவிட வேண்டும். பருத்தி வேறு விதம். மேலே அணைந்தது போலத் தெரியும். உள்ளே கங்கு கிடந்து பிறகு பற்றும். பருத்தி கிடக்கும் அறையில் விளக்கும் கொசுவர்த்திச் சுருளும் வேண்டவே வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை அடித்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்த பிறகே 1906-ஐ அழைக்க வேண்டும்.

தீக்காயத்துக்குக் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். தண்ணீருக்குத் திண்டாடும் ஊரில் இதைச் சொல்லவே தயக்கமாகத்தான் இருக்கிறது. குழாய் இல்லாவிட்டால் செம்பில் மொண்டு மொண்டு ஊற்றலாம். பேனா மை, பற்பசை, மாவு எதையும் தடவக் கூடாது.

தீயணைப்புக்கு 101, அவசர உதவிக்கு 112. எண்களை எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள், பேசத்தான் தெரியவில்லை. தமிழ்ப் பாடவேளையில் ஒரு மாணவரை நிலைய அலுவலராக உட்கார வைத்துப் பேச விடுங்கள். எங்கள் வட்டாரத்தில் ரெட்டியபட்டிகள் பல. "எந்த ரெட்டியபட்டி?" என்று எதிர்முனை கேட்டதும் பிள்ளை திகைத்து நிற்கும். "எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி தாலுகா" என்று தொடங்கி, தெருவையும் பக்கத்திலுள்ள கோயிலையோ தண்ணீர்த் தொட்டியையோ சொல்லி, அவர்கள் போதும் என்னும் வரை போனை வைக்காமலிருக்கப் பழகுவதற்குள் மணி அடித்துவிடும், மறுநாள் தொடரலாம்.