உங்களுக்குத் தெரியுமா? பொருநைக் கரையின் வாளும் வேலும்

✦ பொருநை எனப்படும் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளை 1899 முதல் 1905 வரை தோண்டிய தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ ஒரு விஷயத்தைக் கூர்ந்து கவனித்தார். அங்கே கிடைத்த இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கியே இருந்தன. அடக்கத்துக்கு வந்தவர்கள் அவற்றை மண்ணில் குத்தி நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். கல்லை உருக்கி இரும்பாக்க எவ்வளவு கரி, எத்தனை பேர் உழைப்பு! அத்தனை பாடுபட்டுச் செய்த வாளை, இன்னும் வெட்டும் என்று தெரிந்தே இறந்தவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

✦ அதே மண்ணில் இரும்பு வேலும், பொன்னாலான நெற்றிப்பட்டமும், வாய்ப்பூட்டும் கிடைத்தன. இன்றும் திருச்செந்தூருக்கு வேலேந்தி, அலகு குத்திப் போகிறவர்களை நினைக்காமல் இருக்க முடிகிறதா? ஆய்வாளர்கள் சிலருக்கும் அதுதான் தோன்றியது.

✦ ரீ எடுத்தவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அவருக்கு முன்பே, 1876-ல், ஜெர்மானியரான டாக்டர் ஜாகோர் தோண்டி எடுத்த ஆயுதங்கள் பெர்லினுக்குப் போய்விட்டன.

✦ அதே பகுதியிலுள்ள சிவகளைத் தாழிகளில் இரும்போடு கிடைத்த மரக்கரியின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கா.ராஜனும் இரா.சிவானந்தமும் எழுதியது. காலக்கணிப்பு குறித்து அறிஞர்களிடையே விவாதம் நடக்கிறது. நடக்கட்டும்; இன்னும் நிறையத் தோண்ட வேண்டியிருக்கிறது.

✦ 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஆங்கிலேய மேஜர் பானர்மேன், அதைப் பார்க்கும்படி மற்ற பாளையக்காரர்களையும் வரவழைத்திருந்தார். கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு.

✦ வாளைப் போற்றுவது பொருநைக் கரையில் மட்டுமல்ல. கம்போடியாவிலும் ஓர் அரச வாள் இருந்தது: பிரியா கான். முடிசூட்டு விழாவில் மன்னர் கையில் ஏறியது. புனோம்பென் அரண்மனையில் அதைக் காத்தவர்கள் 'பாகு' எனப்படும் அரசவைப் பிராமணர்கள். 1970 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் வாளைக் காணோம். அந்நாட்டில் இரும்பு உருக்கியவர்கள் 'குய்' இன மக்கள். அவர்களுக்குக் கனிமம் தந்த மலையின் பெயரே இரும்பு மலை.

✦ திருநெல்வேலிப் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடையில் சாமியாடி கையில் இருப்பது வல்லயமும் வெட்டரிவாளும். நேர்ச்சையாகவும் அரிவாள் செய்து வைப்பார்கள். கொல்லர் பட்டறைகளில் இப்போது லாரிப் பட்டைதான் பெரும்பாலும் மூலப்பொருள். அதை உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து, வளைத்து, தோய்ச்சல் போட வேண்டும். சூடு கூடினால் வாய் உடையும், குறைந்தால் மழுங்கும். சரியான சூட்டைக் கொல்லர் இரும்பின் நிறத்தைப் பார்த்தே கண்டுகொள்வார்.